உப்புவெளிக்குப் பாதி ரயில், பாதி வேன்!



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் திருகோணமலைப் பேச்சு ஆரம்பமாகிவிடும். பிள்ளைகளுக்கு உப்புவெளிக் கடல் வேண்டும். வயதான உம்மாவுக்குக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க ஆசை. கிண்ணியாவில் ஒரு சொந்தக்கார வீடும் இருக்கும். ஆசையோடு புறப்படுகிறோம். ஆனால் போய்ச் சேரும்போது வாகனம் ஓட்டியவர் களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறார். பிள்ளைகள் வாந்தியெடுத்து வாடிக் கிடக்கிறார்கள். நமக்கோ தலைவலி. முதல் நாள் அப்படியே வீணாகிறது.

ஏன் இந்தக் களைப்பு? கொழும்பிலிருந்து திருகோணமலை தரைவழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஆனால் களைப்பைத் தருவது முழுத் தூரமும் அல்ல. பேலியகொடை, கிரிபத்கொடை, கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொல என்று வரும் கண்டி வீதியின் முதல் துண்டுதான். அம்பேபுஸ்ஸவில் ஏ6 வீதி பிரிந்து குருநாகலைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் சீரான ஓட்டம்தான். மத்திய அதிவேகப் பாதையில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பகுதி மீரிகமவிலிருந்து குருநாகல் வரையானது. நெரிசலோ மீரிகமவுக்கு முன்பே நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் பெண்களுக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே வருகிறோம். உம்மாமார் இன்னும் மோசம். மாத்திரைக்குக்கூட ஒரு மிடறுதான். வெயிலில் பல மணி நேரம் இப்படி இருப்பது உடம்புக்குக் கேடு. சிறுநீரைத் தொடர்ந்து அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நோயை நாமே அழைப்பதாகும். பயணத் திட்டம் போடும்போது இதையும் வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நல்ல வழி, நெரிசலான பகுதியை ரயிலிலும் மற்றதை வாகனத்திலும் கடப்பது.

குருநாகல் வரை ரயில்

கோட்டை நிலையத்திலிருந்து றாகம, கம்பஹா, மீரிகம, பொல்கஹவெல வழியாகக் குருநாகலுக்கு ரயில் போகிறது. வீதியில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம். காலை நீட்டி, எழுந்து நடக்கலாம். ரயிலில் கழிப்பறையும் உண்டு.

வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருவர் சுபஹு தொழுதவுடன், வீதி நிறையுமுன், பெட்டிகளோடு வாகனத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். மற்றவர் பெண்களோடும் பிள்ளைகளோடும் ரயிலில் வரட்டும். ஓர் ஆண் மட்டும்தான் என்றால் எல்லோரும் ரயிலில் ஏறி, குருநாகலில் முன்கூட்டியே பேசிவைத்த வேனில் போகலாம். அங்கிருந்து திருகோணமலை ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வேன்காரருக்கும் ஓட்டம் குறைவு. வாடகையைப் புறப்படுமுன்பே பேசி முடியுங்கள். திரும்பும் ஓட்டத்துக்கும் சேர்த்தா என்று கேட்க மறக்காதீர்கள்.

தம்புள்ளையில் லுஹருக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்துங்கள். ஹபரணைக்கு அப்பால் யானைக்காடு. மாலை மங்கினால் யானைகள் வீதிக்கு வரும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே கந்தளாயைத் தாண்டிவிடுவது நல்லது.

இரவு ரயில்

வேனே வேண்டாம் என்பவர்கள் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஏறி நேரே திருகோணமலையில் இறங்கலாம். மாகோவிலும் கல்ஓயாவிலும் பாதை பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகப் போகிறது. இறங்கியதும் ஓர் ஆட்டோ பிடித்தால் உப்புவெளி சில கிலோமீட்டர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது சுபஹுத் தொழுகை. பயணத்தில் லுஹர், அஸர், இஷாவைச் சுருக்கலாம். லுஹரை அஸரோடும் மஃரிபை இஷாவோடும் சேர்த்துத் தொழலாம். சுபஹுக்குச் சுருக்கமும் இல்லை, சேர்ப்பும் இல்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வக்து வந்து போய்விடக்கூடும். எனவே உளூவுக்கு ஒரு போத்தல் தண்ணீரும் சிறிய முஸல்லாவும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். கல்ஓயாவுக்குப் பிறகு ரயில் வடகிழக்காகப் போகும். நம் கிப்லா மேற்கே, சற்று வடக்காக. ஆகவே ரயில் போகும் திசையைப் பார்த்து நின்றால் கிப்லா இடக்கைப் பக்கம், கொஞ்சம் பின்னால் இருக்கும். வளைவுகளில் மாறும். நிற்க முடியாதவர்கள் எப்படித் தொழுவது, பிறகு மீட்ட வேண்டுமா என்பதைப் புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பகுதியில் யானைக்கூட்டத்தின் மீது ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அந்தப் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் சலிக்காதீர்கள். அதே ஆண்டு நவம்பரில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் ரயில் பாதைகளைச் சேதப்படுத்தியது. ஆகவே நேரத்தையும் சேவையையும் நிலையத்தில் விசாரித்த பின்பே ஆசனம் பதிவு செய்யுங்கள்.

அங்கே போனபின்

உப்புவெளியின் கடல் கிழக்கே பார்த்தது. சுபஹு தொழுதுவிட்டுக் கரையில் நின்றால் சூரியன் கடலிலிருந்தே எழுவதைக் காணலாம். கூட்டமில்லாத அந்த வேளைதான் பெண்கள் பிள்ளைகளோடு கால் நனைக்க ஏற்றது. ஏப்ரல் முடிந்து செப்டம்பர் வரை கடல் அமைதி. வாடைக்காற்றுக் காலத்தில் இறங்காதீர்கள்.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கிய கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்லலாம். வடக்கே நிலாவெளி, அதன் எதிரே புறாத்தீவு. இங்கெல்லாம் ஆட்டோவே போதும். கிண்ணியாவுக்கு முன்பு பாதையில் ஏறித்தான் கடல்முகத்தைக் கடக்க வேண்டும். காத்திருந்தே பாதி நாள் போகும். 2009 அக்டோபரில் பாலம் திறந்த பிறகு சொந்தங்களைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.

மறந்துவிடாதீர்கள்

ரயிலில் கைப்பை மட்டும். பெரிய சாமான்கள் வாகனத்தில். மருந்து, பிள்ளையின் மாற்றுடுப்பு, தண்ணீர் உங்கள் கையில். சந்திக்கும் இடத்தை "ஸ்டேஷனில்" என்று மொட்டையாகச் சொல்லாமல் எந்த வாசல், எந்தக் கடை முன்னால் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில் தாமதித்தால் வாகனத்தில் வருபவர் தூங்கி ஓய்வெடுக்கட்டும். அந்தத் தூக்கம்தான் மிச்சத் தூரத்துக்குப் பாதுகாப்பு.

பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் இலகுவாக்கி வைப்பானாக, ஆமீன்.