ஊவா மலைகளில் முதுமை

ஊவா மாகாணத்துக்குப் பிரயாணம் செய்வோருள் பெரும்பாலோர் அருவியையும் பாலத்தையும் காணவே செல்கின்றனர். அதிலே தவறொன்றுமில்லை. பதுளை நகருக்கு அண்மையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் துன்ஹிந்த அருவியும், எல்ல, தெமோதரை ஆகிய நிலையங்களுக்கு நடுவே 1921ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரை நிலையத்தின் அடியிலேயே குகைக்குள் புகுந்து வளையும் இருப்புப்பாதையும் காணத்தக்கனவே. அந்த இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிலே பதுளையை அடைந்து, அங்கேயே முடிவுற்றது. அதற்கப்பால் மலைகளும் தேயிலையுமே.

நாம் இம்முறை சென்றது அவற்றைக் காண்பதற்கன்று. அந்த மலைகளிலே ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்து, இப்பொழுது கூடையை இறக்கி வைத்துவிட்ட முதியோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்பினோம். பசறைப் பக்கத்துத் தோட்டங்களிற் பிறந்த எமது மாணவர் இருவர் வழிகாட்டிகளாக வந்தனர்.

பண்டாரவளையிலிருந்து பஸ் வண்டியில் இறங்கினோம். பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ளது. பதுளையோ அதனினும் 500 மீற்றரளவு தாழ்ந்தது. ஹாலி-எலையைத் தாண்டும்போதே குளிர் விட்டுவிட்டது. ஒன்பது முடிகள் எனச் சிங்களத்திற் பொருள்படும் நமுனுகுலை மலை, தன் 2,036 மீற்றர் உயரத்தையும் மேகத்துள் மறைத்துக்கொண்டு நின்றது.

பதுளைப் பெரியாஸ்பத்திரி முன்றிலிலே காலை வேளையில் தோட்டத்து முதியோர் பலர் காத்திருக்கக் கண்டோம். அவர்களுள் ஒருவரை அணுகி, என்ன நோய் என்று வினவினோம். “நோய் ஒன்னுமில்லீங்க ஐயா, வயசுதான்” என்றார் அவர். அவரை அழைத்து வந்திருந்த மகளோ, “அப்பாவுக்கு எல்லாமே நோய்தாங்க. ராத்திரியில தூங்குறதில்ல, ஆளுங்க பேரு மறந்து போவுது” என்றாள்.

இவ்விரு விடைகளுக்குமிடையிலேதான் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் அடங்கியிருக்கிறது. முதுமை இயல்பாகக் கொண்டுவரும் மாற்றங்களை நோயென்று அஞ்சுகிறோம்; தீர்க்கக்கூடிய நோயையோ வயது என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறோம். இவற்றைப் பிரித்தறிவதே முதியோர்க்கு நாம் செய்யும் முதல் உதவி.

உழைப்புக்கென அமைந்த ஊர்

பசறை வீதி வழியே சென்று, தோட்டத்துப் பாதையிற் பிரிந்து ஏறினோம். தேயிலைத் தோட்டமொன்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அங்குள்ள யாவும் உழைக்கும் கைகால்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. காலையிற் பேர் போடும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், தாய்மார் வேலைக்குப் போகையிற் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா ஆகிய எல்லாம் அவ்வகையினவே. லயங்களும் அவ்வாறே. நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. பீலி சரிவிலே கீழே இருக்கும். மலசலகூடம் அதற்கும் அப்பால். வேலை செய்ய வல்லவர் இரவை அங்கே கழித்து, விடியலில் எழுந்து மலைக்குப் போய்விடுவர் என்பதே அவற்றைக் கட்டியோரின் எண்ணம். பகல் முழுவதும் அங்கேயே இருக்கப்போகும் முதியவரை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. குழந்தைக்கு ஒரு காம்பரா உண்டு. நாம் கண்ட தோட்டங்களிற் கிழவிக்கு ஒன்றில்லை.

இந்தத் தலைமுறையின் வரலாற்றையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். இன்று எண்பது வயதை எட்டியிருப்போர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது சிறு குழந்தைகள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானபோது கூடை சுமக்கத் தொடங்கியிருந்த இளைஞர். அவ்வுடன்படிக்கைப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அண்ணன் நீலகிரியிலும் தங்கை பதுளையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை அளித்தது. முதுமையில் ஆறுதல் கூறவேண்டிய உடன்பிறப்புக்கள் கடலுக்கப்பால். பிள்ளைகளோ கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வெளிநாட்டு வீடுகளிலும். ஆதலால் லயத்து முதுமை பெரும்பாலும் தனித்த முதுமையாகவே இருக்கிறது.

நாலு மணி விழிப்பு

எம்முடன் வந்த மாணவர் ஒருவரின் அப்பாயி, இஸ்தோப்பிலே அமர்ந்திருந்தார். சாயத் தண்ணீர் கொடுத்து உபசரித்தபின் பேசத் தொடங்கினார். “வேலைய விட்டு இருவது வருசமாச்சுங்க ஐயா. இன்னமும் தப்படிச்ச மாதிரி நாலு மணிக்குக் கண்ணு முழிச்சுக்குது” என்றார். வீட்டார் அதை நோயென்று எண்ணித் தூக்க மாத்திரை கேட்க நினைத்திருந்தனர். முதுமையில் உறக்கம் மெல்லியதாகும். முன்னேரத்தில் வரும், முன்னேரத்திலேயே கலையும். அரை நூற்றாண்டுப் பழக்கமும் அதனுடன் சேர்ந்துகொண்டால் நாலு மணி விழிப்பு வியப்பன்று. பகலில் வெயிலில் இருத்தலும், மாலைக்குப் பின் தேநீரைத் தவிர்த்தலும் போதிய பரிகாரம். தூக்க மாத்திரை உண்ட முதியவர் இருளில் எழுந்தால் இடறி விழும் அபாயமே அதிகம்.

கண்ணைப் பற்றிக் கேட்டோம். நாற்பது வயதுக்குப் பின் விழிவில்லை விறைத்துவிடுவதாற் கிட்டப் பார்வை குறைதல் எல்லார்க்கும் வருவது. இருபது வயதினரின் விழித்திரையைச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினருக்குச் சேர்கிறது. ஆகவே மங்கலான லயத்து அறையில் அரிசியிற் கல் பொறுக்க முடியவில்லையென்றால் அது சோம்பலன்று. அறைக்கு வெளிச்சம் போதாது என்பதே பொருள். ஆனால், பகலிலும் புகைபடிந்தாற் போலத் தோன்றுமாயின் அது கண்புரையாக இருக்கலாம். சிறியதொரு சத்திர சிகிச்சையினால் அதை நீக்கி வில்லை பொருத்துகின்றனர். அதை வயதென்று விட்டுவிடுதல், திறக்கக்கூடிய கதவைப் பூட்டி வைத்தலை ஒக்கும்.

பேத்தி அவரிடம் ஏதோ சொல்லவேண்டி உரக்கக் கத்தினாள். கிழவியார் முகஞ் சுளித்தாரேயன்றி விளங்கிக்கொள்ளவில்லை. முதுமையில் முதலிற் குறைவது கீச்சென்ற மெல்லொலிகளைக் கேட்கும் திறன். உயிரொலி கேட்கும், அதைப் பிரித்துக்காட்டும் மெய்யொலி தெளிவுறாது. பால் என்றதும் கால் என்றதும் ஒன்றாகவே கேட்கும். அதனால் கத்துவதிற் பயனில்லை. முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுதலே வழி. மாணவர் அவ்வாறு பேசியதும் அப்பாயி உடனே மறுமொழி கூறினார்.

தாகம் என்னும் உணர்வும் வயதுடன் மங்குகிறது. குளிரை அறியும் திறனும் குறைகிறது. மலையிலே இவ்விரண்டும் கவனிக்க வேண்டியவை. கேளாமலே வேளைக்கு வேளை நீர் கொடுத்தலும், காலுக்கும் தலைக்கும் கம்பளி கொடுத்தலும் வீட்டாரின் கடமை. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். ஆதலால் சற்றே உட்கார்ந்திருந்து எழுதல் நன்று.

பெயர் மறத்தலைப் பற்றியும் ஒரு சொல். தெரிந்தவர் பெயர் நாவில் வரத் தாமதித்து, சிறிது நேரங்கழித்து நினைவுக்கு வருதல் முதுமையின் இயல்பு. பலகாலம் நடந்த வழியே தெரியாமற் போதலும், அடுப்பை எதற்காக மூட்டினோம் என்பது விளங்காமற் போதலும் இயல்பல்ல. ஒரிரு நாட்களுக்குள் திடீரெனப் புத்தி தடுமாறினால், கிருமித் தொற்றோ நீர்க்குறைவோ புதிய மருந்தோ காரணமாயிருக்கலாம். தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். காரணமின்றி உடல் மெலிதல், அடிக்கடி விழுதல், சிறுநீர் கட்டுப்படாமை, வாயில் ஆறாத புண், யாருடனும் பேசாது மனஞ்சோர்ந்திருத்தல் ஆகிய இவற்றுள் எதுவும் வயதன்று. வெற்றிலை போடும் பழக்கமுள்ள மலைநாட்டிலே வாய்ப்புண்ணை அலட்சியஞ் செய்தல் ஆகவே ஆகாது.

அன்பு செய்த தவறு

சென்ற மாரியில் அந்த மூதாட்டியார் மலசலகூடத்துக்குப் போகும் படியில் இடறி விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆயினும் வீட்டார் அஞ்சி, “இனிமே எங்கயும் போகாத அப்பாயி, இங்கேயே குந்திக்கிட்டு இரு” என்று அன்பினாலே கட்டளையிட்டுவிட்டனர். அவரும் இருந்தார். மூன்று மாதத்தில், பிறர் கைகொடுத்தாலன்றி எழ முடியாத நிலை வந்தது. கால்களைக் கெடுத்தது வீழ்ச்சியன்று. அதன்பின் வந்த ஓய்வே.

தசையின் வலிமை முதுமையிற் குறைவது இயல்பு. ஆனால், பயன்படுத்தினால் அது திரும்பவும் ஓரளவு வரும். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆய்வாளர், தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்த முதியோர் 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி அளித்தனர். அவர்களின் கால்வலிமை சராசரியாக 174 வீதம் கூடிற்று. மலையேறிப் பழகிய கால்களுக்கு அப்பயிற்சியின் எளிய வடிவம் கடினமாகாது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து அமர்தலும், இஸ்தோப்பின் நீளத்துக்கு உலாவுதலுமே போதும்.

மாணவர் விடுமுறையில் வந்து செய்ததை எமக்குக் காட்டினார். படிகளின் விளிம்புக்குச் சுண்ணாம்பு பூசி, இருளிலும் தெரியுமாறு செய்திருந்தார். பாதை நெடுக மூங்கிற் கைப்பிடி கட்டியிருந்தார். வாசலில் ஒரு மின்குமிழ். வழியின் நடுவே, மூச்சு வாங்கினால் அமர ஒரு பலகை. அப்பாயி இப்பொழுது கோலூன்றித் தாமே போய் வருகிறார். பீலியடியிற் பேச்சுத் துணையும் கிடைக்கிறது. பெரும் பணம் செலவாகவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியமும் சிறந்தது. அப்பாயியின் கடதாசிகளை ஒரு பெட்டியிற் சேர்த்து வைத்தார். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, தோட்டத்துப் பேரேடு ஆகிய மூன்றிலும் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் ஊழியர் சேமலாப நிதி பெறுவதிற் சிக்கல் நேரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோராண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரியது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் உரிமையை 60 வயது நிறைந்தவர்க்கு அளிக்கிறது. முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். எழுத்தறிந்த ஒரு பேரப்பிள்ளை ஒரு நாள் செலவிட்டால் இவற்றை ஒழுங்குசெய்துவிடலாம்.

மழைக்காலத்துக்கென மற்றொரு கடமையும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மாவட்டத்து மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. எச்சரிக்கை ஒலி மங்கிய செவிக்கு எட்டாது. எட்டினாலும் தளர்ந்த கால் விரைந்து ஓடாது. ஆகவே எந்த லயத்தில் எந்த முதியவர் இருக்கிறார், அவரைத் தாங்கிச் செல்வோர் யாவர் என்பதை மழைக்கு முன்னரே பேசி வைத்தல் வேண்டும். அடுத்த அறைப் பிள்ளைகளே இதற்கு ஏற்றவர்.

நாம் புறப்படும்போது அப்பாயி ஒரு தட்டில் உலர்ந்த கொச்சிக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். “சும்மா இருக்கச் சொன்னா நோவு வருதுங்க, வேலை இருந்தா வர்றதில்ல” என்றார். கண்ணுக்கு வெளிச்சம், காலுக்குக் கைப்பிடி, செவிக்கு நிதானமான சொல், கைக்குத் தக்கதொரு வேலை ஆகிய இந்நான்கையும் வீட்டிலுள்ள முதியவர்க்கு அளித்தோமா என்று ஒவ்வொரு குடும்பமும் இன்று எண்ணிப் பார்க்கலாம். இவற்றுள் எதற்கும் அரசாங்க உத்தரவு வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், பயணப் பையிலே ஒரு மின்குமிழையும் எடுத்துச் செல்வாராக.