எண்ணூறு அடித் தண்ணீர்

திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது. கோடையில் கரண்ட் பில் எகிறினால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் குறை சொல்வோம். ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தபோது, நான் நினைத்ததைவிட அதிகம் இழுத்தது தண்ணீர் மோட்டார். குளிக்கவும் துணி துவைக்கவும் எண்ணூறு அடி ஆழத்துக்குப் போகும் நிலை எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது ஒரு தோட்டத்துப் பெரியவரிடம். பாழான கிணற்றையும், நீர் இறைக்கக் கவலை மாடுகள் இறங்கி ஏறிய வாரியையும் காட்டினார். அதன் சரிவு இன்னும் அழியவில்லை. "எத்தனை அடியில தண்ணி இருந்துதுங்க ஐயா?" என்று கேட்டேன். "அடிக்கணக்கு யாரு பாத்தா கண்ணு? விடியால இருந்து எறச்சா மத்தியானம் கெணறு வத்திப்போகும். ஊறுற வரைக்கும் காத்திருக்கோணும்" என்றார். எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கிணறே முடிவு செய்திருக்கிறது.

அந்தக் காத்திருப்பு எப்போது போனது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஆயில் இன்ஜின் வைத்து நீர் இறைப்பதைச் சென்னை மாகாணத்தில் பரப்பினார். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1937இல் அங்கே மின்சாரமும் பிறந்தது. பிறகு மின்மோட்டார் கிணற்றுக்குள் இறங்கியது.

ஆனால் பாறையைத் துளைத்தது ரிக் வண்டிதான். 1967 பீகார் வறட்சியின்போது, கடும்பாறையில் துளையிடும் காற்றழுத்த ரிக்குகளை யுனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்தது. துளைக்குள் இறங்கும் சுத்தியல் பாறையைப் பொடியாக்கும், கம்பிரசர் காற்று அந்தப் பொடியை மேலே தள்ளும். கிணற்று வெட்டில் மாதக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளில் முடிந்தது. இன்று இந்தியாவிலேயே ரிக் வண்டிகள் மிகுந்த ஊர் என்று பேரெடுத்திருப்பது நம் திருச்செங்கோடு. வடமாநிலங்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் வண்டி போகிறது. இதில் எனக்குப் பெருமையும் உண்டு, கலக்கமும் உண்டு.

பக்கத்துத் தெருவில் போர் போட்டபோது நின்று பார்த்தேன். வெள்ளைப் பொடி பனிபோலப் பறந்தது. ஈரம் தட்டியதும் சாம்பல் நிறச் சேறாக வழிந்தது. "பாறைக்குள்ள தண்ணி இல்லீங்க. வெடிப்புல இருக்கறதுதான். அதுவும் மழை எறங்குனாத்தான் உண்டு" என்றார் டிரில்லர். பல தலைமுறை மழையில் சேர்ந்ததை நாம் ஒரே தலைமுறையில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

நீர்மட்டம் இறங்க இறங்கக் கரண்ட் செலவு ஏறும். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாவிட்டாலும் கால் யூனிட்டுக்குமேல் வேண்டும். வீட்டு மோட்டாரில் பாதிக்குமேல் வீணாவதால் அது அரை யூனிட்டைத் தாண்டும். நீர்மட்டம் 200 மீட்டருக்குப் போனால் ஒரு யூனிட்டும் போதாது. டேங்க் நிரம்பி வழியும்போது வாசலில் ஓடுவது தண்ணீரும் கரண்டும் சேர்ந்துதான்.

இதற்கு மாற்று நம் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. 2003இல் தமிழக அரசு, பழைய வீடு புது வீடு என்று பாராமல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது சுமார் 65,000 லிட்டர். அதில் நான்கில் மூன்று பங்கு தொட்டிக்குப் போனாலும் நாலு லாரித் தண்ணீர். அன்று அவசரமாகக் கட்டிய தொட்டிகள் எங்கள் தெருவில் பல தூர்ந்து கிடக்கின்றன. சிலவற்றின்மேல் சிமெண்டே பூசியாகிவிட்டது.

ஆடி முடிவதற்குள் மாடிக்கு ஏறிப் பாருங்கள். குழாய் வாயில் சருகு இருந்தால் அள்ளுங்கள். தொட்டியின் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். நமக்குப் பெருமழை ஆவணியிலிருந்து ஐப்பசி வரைதான்.