எண்ணிக்கையும் இல்லறமும்

கல்யாண் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்போர்க்கு மக்கட்பெருக்கம் என்பது ஏட்டில் படித்து அறியும் செய்தியன்று. காலையில் சாளரத்தைத் திறந்தால் முகங்கள் தெரிவதில்லை. பணம் நீட்டும் கைகளே தெரிகின்றன. மும்பைப் புறநகர் வண்டிகளில், நெரிசல் வேளையில், ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்பதாக இரயில்வேயின் கணக்கே கூறுகின்றது. எழுத்தர்களாகிய நாங்கள், "இந்நாட்டில் மனிதர் மிகுந்துவிட்டனர்" என்று நாள்தோறும் ஒருமுறையேனும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. அவ்வாறு சொல்லும்போது, மிகுந்துவிட்ட அம்மனிதருள் எங்களையும் சேர்த்து எண்ணியதில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள், 2016-இல் பிறந்தவள். அவளுக்கு மூன்று வயது நிரம்பியது முதல், திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் எங்கள் அம்மா தொலைபேசியில் அழைக்குந்தோறும் ஒரு கேள்வியைத் தவறாது கேட்பார்கள். "ஏ ஐயா, ஒத்தப் பிள்ளையோட நிறுத்திப்புட்டியளே, நாளைக்கு அதுக்கு ஒரு தொணை வேண்டாமா?" அதற்கு நாங்கள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருந்தோம். "இந்தப் பூமி தாங்காது அம்மா. இருக்கிறவர்களுக்கே தண்ணீரும் இடமும் இல்லை" என்போம்.

அவ்விடைக்குச் சான்றும் கையில் இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு பெருக்கெடுத்து, மகாலட்சுமி விரைவுவண்டி பதலாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே வெள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளில் மீட்டார்கள். ஆற்றங்கரைவரை வீடுகள் எழும்பியதைக் கண்ட நாங்கள், "பார்த்தீர்களா, மக்கட்பெருக்கத்தின் விளைவை!" என்று ஊருக்குச் சொன்னோம். ஒரு மகளோடு நிறுத்திக்கொண்டதை நாட்டுக்குச் செய்த தொண்டாகவே சொல்லித் திரிந்தோம்.

2021-இல் எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்குப் பீகார் மாநிலத்துக் குடும்பம் ஒன்று குடிவந்தது. கணவர் கட்டட வேலைக்குச் செல்பவர். பிள்ளைகள் நால்வர். அவர்கள் படிக்கட்டில் ஓடி விளையாடும்போதெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அந்தப் பார்வைக்குப் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மையாரோ எங்கள் இல்லத்தரசியைத் "தீதி" என்று வாய்நிறைய அழைப்பார்.

ஒரு மே மாத இறுதியில், மின்கட்டணச் சீட்டுக் கொண்டுவந்தவர் இரு வீட்டுச் சீட்டுகளையும் எங்கள் கதவிடுக்கிலேயே செருகிவிட்டுப் போய்விட்டார். கணக்குப் பார்த்தே பழகிய கண்கள் அல்லவா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மூவர் வாழும் எங்கள் வீட்டுக்கு 268 யூனிட்டு. அறுவர் வாழும் அவர்கள் வீட்டுக்கு 97 யூனிட்டு. தலைக்கு வகுத்தால் எங்களுக்கு 89, அவர்களுக்கு 16. முந்தைய ஆண்டு தவணையில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி எங்கள் படுக்கையறையில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பூமி தாங்காது என்று சொன்னவர்கள் யார், பூமியின்மேல் மிகுதியாகச் சுமையேற்றியவர்கள் யார் என்பதை அந்த இரு தாள்களும் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிட்டன.

அவர்கள் குறைவாகச் செலவிடுவது கொள்கையினால் அன்று, வருவாய்க் குறைவினாலேயே என்பதை நாங்கள் அறிவோம். வறுமையைப் புகழ்வது எங்கள் நோக்கமன்று. அப்பிள்ளைகளும் நாளை நல்ல வெளிச்சத்தில் படிக்கவேண்டும், காற்றோட்டமான வீட்டில் உறங்கவேண்டும். ஆயினும், தலைகளை மட்டும் எண்ணிப் பழியைப் பங்கிடுவது நேர்மையான கணக்காகாது. உலகக் கணக்கும் இவ்வாறே இருக்கின்றது. ஓர் இந்தியரால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு வெளிப்படுகின்றது. ஓர் அமெரிக்கரால் அதைப்போல் ஆறேழு மடங்கு வெளிப்படுகின்றது.

அன்றிரவு எங்கள் இல்லத்தரசி, எத்தனையோ நாளாக உள்ளத்தில் அடக்கி வைத்திருந்த ஒன்றைக் கேட்டார். "நாம் என்ன, பூமிக்காகவா நிறுத்தினோம்?" இல்லை. முதற்பேறு அறுவைச் சிகிச்சையில் முடிந்து, அவர் எழுந்து நடமாட நான்கு மாதங்கள் ஆயின. சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு வாடகைக்கே சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றொரு முறை அத்துன்பத்தை ஏற்க அவருக்கு விருப்பமில்லை. "எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அது ஒன்று போதாதா? அதற்கு ஏன் நாட்டையும் பூமியையும் துணைக்கு அழைக்கிறீர்கள்?" என்றார். மறுமொழி கூற இயலவில்லை. இயலாமையையும் அச்சத்தையும் தியாகம் என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறோம். அந்தப் பெயரைக் கொண்டே எதிர்வீட்டாரை அளந்துமிருக்கிறோம்.

நாட்டின் எண்ணிக்கை பெருகியது உண்மையே. 1951-இல் 36 கோடியாக இருந்த மக்கள் 2011 கணக்கெடுப்பில் 121 கோடியாயினர். ஆனால் பிறப்பு விகிதம் குறைந்துவருவதும் உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்ணொருத்திக்குச் சராசரியாக 2.0 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8, மகாராட்டிரத்தில் 1.7. பீகாரில் 2005-06-இல் 4.0 ஆக இருந்தது 3.0 ஆகக் குறைந்திருக்கிறது. பெண்மக்கள் பள்ளி சென்ற இடங்களிலும், பிறந்த குழந்தைகள் பிழைத்து வளர்ந்த இடங்களிலும் இம்மாற்றம் அச்சுறுத்தல் இன்றியே நிகழ்ந்தது. வற்புறுத்தலும் ஒருமுறை நடந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்னும் ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. அவர்களுள் விருப்பமின்றி உட்பட்டோர் பலர். அக்கொடுமையை நாடு இன்னும் மறக்கவில்லை.

"மிகுந்துவிட்டனர்" என்னும் சொல் நம் காதுக்கும் புதிதன்று. 1960-களின் பிற்பகுதியில் இதே மும்பையில், தென்னாட்டார் மிகுந்துவிட்டனர், திரும்பிப் போகட்டும் என்ற கூச்சல் எழுந்தது. தாராவியில் வாழ்ந்த எங்கள் பாட்டனார் அக்காலத்தில் கடைத்தெருவில் தமிழ் பேசவும் தயங்கியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அதே சொல்லைக் கண்பார்வையில் ஏந்தி எதிர்வீட்டாரை நோக்கினோம். நினைக்க நாணமாக இருக்கின்றது.

அடுத்த ஞாயிறன்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். பூமியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. உடல் நலிவையும், வாடகையையும், மருமகளின் விருப்பமின்மையையும் சொன்னோம். சினந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தோம். நெடுநேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. பிறகு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "நான் அஞ்சு பெத்தேன். வேணுமா வேண்டாமான்னு என்னிய யாரு கேட்டா?" என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர்கள் பிள்ளையாக இருந்தும் அன்றுவரை நாங்களும் கேட்டதில்லை. அதன் பிறகு இரண்டாவது பிள்ளையைப் பற்றிய பேச்சை அம்மா எடுப்பதில்லை.

மன்றத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை உடையோரும் உளர், மூவரை உடையோரும் உளர், பிள்ளையே வேண்டாம் என்று முடிவு செய்த இளந்தம்பதியரும் உளர். கூட்டம் கூடும்போது அவர்களைக் காரணம் கேட்டுத் துளைப்பதை நாம் விட்டுவிடலாம். அம்முடிவு அவ்வில்லத்தாருக்கு உரியது. அதனினும் முதலாகச் சுமக்கும் பெண்ணுக்கு உரியது. பூமிக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழிகள் உள்ளன. பிறந்துவிட்ட நாம் எவ்வளவு எரிக்கிறோம், எவ்வளவு வீசி எறிகிறோம் என்று கணக்கிடுவது அவற்றுள் முதலாவது. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இப்போது இரவு பதினொன்றுக்கு நின்றுவிடுகின்றது. சென்ற மே மாதச் சீட்டில் 181 யூனிட்டு. இன்னும் மிகுதிதான், குறைக்க முயல்கிறோம்.

எதிர்வீட்டுச் சீட்டை அன்றே கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கள் மகள் அங்கேயே தங்கி, இருட்டும்வரை விளையாடிவிட்டு வந்தாள்.