குழாயில் வந்த கிதார்

தொண்டிக் கடைத்தெருவில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் துல்லியமாகக் கேட்கும். பாக் நீரிணைக்கு அக்கரையிலிருந்து வருவதாயிற்றே. மளிகைக் கடையில் இருந்தது வால்வு ரேடியோ. திருகியதும் பாடிவிடாது, சூடேற வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் டி.எம்.எஸ். குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு வரும். கடைக்காரர் உடனே குறைப்பார், எங்களுக்கோ அந்தக் கரகரப்புதான் பிடிக்கும்.

அக்கால ரேடியோக்கள் பலவற்றில் கடைசி வால்வு இஎல்84 என்பது பின்னால் தெரிந்தது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்கூட அதைத் தயாரித்தது. பீட்டில்ஸ் பயன்படுத்திய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரிலும் அதே வால்வுதான், நான்கு.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் கிதாருக்கென்று தனி ஆம்ப் ஏது? கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிதாரிலிருந்து ஒரு வயர் நேராக மைக்செட்டின் அகுஜா ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், அங்கிருந்து பனைமரத்தில் கட்டிய குழாய்க்கு. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கியிருக்கும். "ட்ரெபிள் ஏத்துங்கண்ணே" என்று மேடையிலிருந்து குரல் வரும். "இதுக்கு மேல ஏத்துனா ஊளையிடும் தம்பி" என்பார் மைக்செட்காரர். ட்ரெபிளில் பிசகு இல்லை. கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிதாரின் பிக்கப் பலவீனமான ஆள். எதிரே பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை இருந்தால்தான் அதன் மேல்சுரங்கள் பிழைக்கும். மைக் துளையில் இருப்பது சில ஆயிரம்.

ஒருமுறை ஓரியூர் அருளானந்தர் திருவிழாவுக்கு வந்த ஆர்கெஸ்ட்ராவில் ஒருவர் நீலநிறக் கோரஸ் பெடல் வைத்திருந்தார். அதை அணைத்திருந்தபோதும் அவருடைய கிதார் பளிச்சென்றுதான் கேட்டது. ஏதோ மந்திரம் என்று பேசிக்கொண்டோம். மந்திரமில்லை, அது பாஸ் கம்பெனிப் பெடல். அவர்களுடைய பெடல்களில் அணைத்திருக்கும்போதும் உள்ளே ஒரு இடைச்சுற்று ஓடிக்கொண்டிருக்கும். பிக்கப்பின் சுமையை அது வாங்கிக்கொண்டு மைக்செட்டுக்கு வலுவான சிக்னலாகக் கொடுத்துவிடும்.

அவரிடமும் 'இளைய நிலா'தான் கேட்டார்கள். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பிறகு, அதை வாசிக்கத் தெரியாத கிதார்காரருக்கு எங்கள் கடற்கரையில் சோறு கிடைத்திருக்காது. ஆர். சந்திரசேகர் ஒலிப்பதிவில் மீட்டிய அந்த விரலோட்டம் குழாயில் பாதிதான் வரும். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். குழாயோ முந்நூறுக்குக் கீழே வாயே திறக்காது. விட்டுப்போன அடிச்சுரத்தைக் காது தானாக நிரப்பிக்கொண்டது. நாகூர் ஹனிபாவின் குரலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1925-இல் ராமநாதபுரத்தில் பிறந்த அந்த மனிதரின் குரல் குழாய்க்கென்றே வார்த்தது. கல்யாண வீட்டில் போட்டால் நடுக்கடலில் வலை இழுப்பவருக்கும் கேட்கும்.

குழாய்கள் போய்ப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்ததும் நிலைமை தேறும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் ஃபஸ் பெடலுக்கு அது எமனானது. கிதார் ஆம்ப்பின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஊமை. ஃபஸ்ஸின் கூர்முனைகளை மழுக்குவது அந்த ஊமைத்தனம்தான். பெட்டியிலோ ட்வீட்டர் உண்டு, ஒன்று விடாமல் வெளியே தள்ளும். சபை காதைப் பொத்திக்கொள்ளும்.

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் முதல் வகைகளில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. வெப்பம் ஏறினால் அவற்றில் கசியும் மின்னோட்டம் கூடும், ஒலியின் குணமே மாறிவிடும். லண்டன் குளிருக்குச் சரி. தொண்டியின் சித்திரை வெயிலில், தகரப் பந்தலின் கீழ், அதை நம்பி யார் மேடையேறுவது? சிலிக்கான் வகைதான் இங்கே தாங்கும்.

1979-இல் வந்த இபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலைப் பலர் தவறாகத் திட்டுகிறார்கள். மைக்செட்டில் மாட்டினால் மூக்கால் பாடுகிறது என்பது உண்மைதான். அது அடிச்சுரத்தைக் குறைத்து நடுச்சுரத்தைத் தூக்கும். ஆனால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் வால்வு ஆம்ப்பின் முன்னால் வைத்தால், சற்றே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை வால்வு பார்த்துக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர் குறைத்துக்கொண்டே இருந்தாரே, அந்தக் கரகரப்பை எழுப்புவதுதான் அதன் வேலை. எதிரே இருப்பது எவ்வளவு தள்ளினாலும் அசையாத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் பெடலின் மூக்குக் குரல் மட்டுமே மிஞ்சும். 1975-இன் ரோலண்ட் ஜேசி-120 அந்த ஜாதிதான். தெளிவுக்கும் கோரஸுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, கரகரப்புக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

போன மாதம் நம்புதாளையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணே, எந்தப் பெடல் வாங்கலாம்?"

"எதுலடா மாட்டப் போற?"

"கோயில் மைக்செட்டுலதாண்ணே."

அப்படியானால் கிதார் ஸ்பீக்கரின் ஊமைத்தனத்தைப் போலிசெய்யும் கேபினெட் வசதி உள்ள பெடலாகப் பார், அதை வரிசையில் கடைசியில் வை, ஃபஸ் முதலில், எதிரொலி அதற்குப் பின்னால் என்றேன். அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் விசாரிக்கிறேன், அடாப்டர் மட்டும் ரிச்சி தெருவில் மலிவாக வாங்கிக்கொள்கிறேன் என்றான். வாங்கு, ஆனால் பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். அங்கே கையில் திணிப்பது பாதிக்கு மேல் நடுமுனை பாசிட்டிவ், படத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடு என்றேன்.