யானைக்கவுனியில் யானையும் இல்லை, கவுனியும் இல்லை

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக வடக்கே நடந்தால் யானைக்கவுனி வந்துவிடும். பார்சல் ஆபீஸ்கள், லாரிகள், மூட்டை தூக்குபவர்கள், கொஞ்சம் உள்ளே போனால் சவுகார்பேட்டை. ஆனால் பெயரில் இருக்கும் இரண்டில் ஒன்றுகூட அங்கே கிடையாது. கவுனி என்றால் கோட்டை மதிலில் இருக்கும் வாசல். வாசல் இருந்தால் மதில் இருந்திருக்க வேண்டுமே? இருந்தது. வால்டாக்ஸ் ரோட்டின் பெயரில் உள்ள 'வால்' அந்த மதில்தான். 'டாக்ஸ்' அதைக் கட்டுவதற்காகப் போடப் பார்த்த வரி. ரோட்டுக்கு வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும் ஜனங்கள் வால்டாக்ஸை விடவில்லை.

இதை ஏன் சொல்ல வேண்டும்? உலகத்தில் போரே இல்லாமல் செய்ய முடியுமா, எல்லா நாட்டு மக்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு உலக அரசாங்கம் சாத்தியமா என்று கேட்டால், "அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். அப்படிச் சிரிப்பவர்கள் இந்த மதில் ஏன் வந்தது, ஏன் போனது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

வியன்னாவில் தகராறு, மதராஸில் அடி

1740-ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஆறாம் சார்லஸ் இறந்துபோனார். மகள் மரியா தெரசாவுக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா இல்லையா என்று ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்தது. 1744-ல் இங்கிலாந்தும் பிரான்ஸும் நேருக்கு நேர் போரில் இறங்கின. 1746 செப்டம்பரில் லா போர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து மதராஸைப் பிடித்துக்கொண்டார். மரியா தெரசா யார் என்றே தெரியாத துணி வியாபாரியும் நெசவாளியும் ஒரே வாரத்தில் வேறு ராஜாவின் கீழ் வந்துவிட்டார்கள்.

1748-ல் அய்-லா-ஷப்பேல் என்ற ஊரில் (இன்றைய ஜெர்மனியில் இருக்கிறது) சமாதானம் பேசினார்கள். பிரான்ஸ் மதராஸைத் திருப்பித் தர வேண்டும். பதிலுக்கு இங்கிலாந்து கனடா பக்கம் பிடித்து வைத்திருந்த லூயிபூர்க் கோட்டையைத் தர வேண்டும். அசல் பண்டமாற்று! இரண்டு ஊர்க்காரர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். அப்போது உள்ளூர் மக்கள் வாழ்ந்த கருப்பர் நகரம், ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே மதிலை ஒட்டியே இருந்தது. எதிரி அந்த வீடுகளில் மறைந்துகொண்டு சுடுவான் என்பதால் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள், திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மீதியை இடித்தார்கள். பீரங்கி தடையில்லாமல் சுட ஒரு வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். மக்கள் இன்னும் வடக்கே, முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 1758 டிசம்பரில் லாலி என்ற இன்னொரு பிரெஞ்சுத் தளபதி வந்து, அந்தப் புதிய கருப்பர் நகரத்தையும் சூறையாடினார். 1769-ல் மைசூரிலிருந்து ஹைதர் அலியின் படை மதராஸ் வாசல்வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வைத்தது.

இத்தனையும் பட்ட பிறகுதான் புதிய நகரத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. அதில் ஒரு வாசல்தான் யானைக்கவுனி. செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கடைசிவரை அந்த வரி வசூலாகவில்லை என்றுதான் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெயர் மட்டும் ரோட்டில் நின்றுவிட்டது :-)

மதில் எப்படிப் போனது?

மனிதர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்களா? இல்லை. 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்து இடித்தார்கள். 1799-ல் திப்பு வீழ்ந்தார். மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அரசு என்றான பிறகு மதிலுக்கு வேலை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துவிட்டார்கள். பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா என்ற பெயரில் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது.

அப்படியென்றால் ஒரே அரசு வந்தால் அமைதி வந்துவிடும் என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். அந்த ஒரே அரசு பிரிட்டிஷ் அரசு. அதில் பெரும்பாலான மக்களுக்கு ஓட்டு கிடையாது. அது கொடுத்த அமைதி எப்படிப்பட்டது என்று 1914 செப்டம்பர் 22 இரவு தெரிந்தது. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மதராஸ் கடலில் வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஹைகோர்ட் வளாகச் சுவரில் அந்தக் குண்டு வீச்சை நினைவுபடுத்தும் கல்வெட்டு இருக்கிறது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினார்கள். தமிழுக்கு 'எம்டன்' என்ற வார்த்தை கிடைத்ததுதான் லாபம்.

1939-ல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவில் யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதைக் கண்டித்து மதராஸில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் வரப்போகிறது என்று நகரமே காலியானது. அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், யானைக்கவுனிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சிங்கம், புலியையெல்லாம் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவே இல்லை.

ஆக, மதிலை எடுத்தால் மட்டும் போதாது. ஓட்டும் வேண்டும்.

அதே மைசூர், அதே மதராஸ்

இப்போது காவிரிக்கு வாருங்கள். ஹைதரின் குதிரைகள் வந்த அதே மைசூருக்கும் அதே மதராஸுக்கும் இன்றும் தகராறு இருக்கிறது. தண்ணீர் என்பது சாதாரண விஷயமும் இல்லை, டெல்டாவில் குறுவை விளைவதும் காய்வதும் அதில்தான் இருக்கிறது. உலகத்தில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்குப் போர் நடந்திருக்கிறது. இங்கே 1892-லும் 1924-லும் ஒப்பந்தம் போட்டார்கள். 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2007-ல் அது இறுதித் தீர்ப்பு சொன்னது. 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட், தமிழகத்துக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. தமிழகத்தில் கோபம் வந்தது. ஆனால் ஓசூர் எல்லையில் யாரும் பீரங்கியை நிறுத்தவில்லை. அடுத்து என்ன மனு போடலாம் என்றுதான் பேசினார்கள்.

இதை அழகாக்கிச் சொல்ல வேண்டாம். 1991-லும் 2016-லும் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டார்கள், பஸ்கள் எரிந்தன. தீர்ப்பு வந்த பிறகும் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்ற குறை உண்டு. இருந்தாலும் 250 வருஷத்துக்கு முன்னால் படை கிளம்பிய இடத்திலிருந்து இன்று வக்கீல் கிளம்புகிறார். இரண்டு பக்கமும் ஒரே பார்லிமென்டுக்கு ஓட்டுப் போடுகின்றன, ஒரே கோர்ட்டில் தோற்கச் சம்மதித்திருக்கின்றன. மதராஸில் பீரங்கிக்காகக் காலி செய்த அந்த வெட்டவெளியில் இன்று நிற்பது எது தெரியுமா? ஹைகோர்ட்!

ஆனால் இலங்கை?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற யாரும் தமிழில் உலக அரசாங்கம் பற்றிப் பேசக் கூடாது. இலங்கையும் ஒரே நாடுதான். 1931-லேயே எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்த நாடு, இந்தியாவுக்கு முன்பே. 1956-ல் அதே ஓட்டின் பலத்தில்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1957-ல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தம் அடுத்த வருஷமே கைவிடப்பட்டது. 1983 முதல் 2009 வரை நடந்த போரின் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

ஒரே அரசும் இருந்தது, ஓட்டும் இருந்தது. எது இல்லை? பெரும்பான்மை தொடக் கூடாத எல்லை என்று நடைமுறையில் ஒன்று இல்லை. எண்ணிக்கையில் சிறியவர்களின் மொழியையும் நிலத்தையும் ஓட்டெடுப்பில் பறிக்க முடியும் என்றால், அந்த அரசு எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆபத்து. உலக அரசாங்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும். அது எல்லாவற்றையும் ஆளக் கூடாது. நாடுகளுக்கு இடையே உள்ள எல்லை, கடல், ஆயுதம், இந்த மாதிரி சில விஷயங்கள் மட்டும் அதன் கையில் இருக்க வேண்டும். மொழி, பள்ளிக்கூடம், கோயில், சாப்பாடு எல்லாம் அந்தந்த ஊர்க்காரர் பாடு. அதில் உலகப் பெரும்பான்மையே சேர்ந்து வந்தாலும் கை வைக்க முடியாது என்று எழுதி வைக்க வேண்டும்.

ஐ.நா. சபை போதாதா?

1945 ஜூன் 26-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானபோது, இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். மதராஸில் வக்கீலாக இருந்த ஜஸ்டிஸ் கட்சிக்காரர். அன்றைக்கு இந்தியா சுதந்திர நாடுகூட இல்லை! மறு வருஷம் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு அவர்தான் முதல் தலைவர்.

ஆனால் அங்கே மக்களுக்கு ஓட்டு இல்லை, அரசுகளுக்குத்தான் ஓட்டு. பொதுச்சபையில் 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, சுமார் 10,000 பேர் இருக்கும் துவாலுவுக்கும் ஒரு ஓட்டு. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. 2022 பிப்ரவரி 25-ல் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை, படையெடுத்த ரஷ்யாவே வீட்டோ செய்தது. கர்நாடகமே நீதிபதியாக உட்கார்ந்து காவிரி வழக்கை விசாரிப்பது மாதிரி! அமெரிக்காவும் தனக்கு வேண்டியவர்களுக்காக இதையே பல தடவை செய்திருக்கிறது.

"எந்த நாடு தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும்?" என்பது நியாயமான கேள்விதான். ஜெர்மனியும் பிரான்ஸும் விட்டுக்கொடுத்தன. 1870-லிருந்து 1945-க்குள் மூன்று பெரிய போர்களில் மோதிக்கொண்டவர்கள் அவர்கள். 1951-ல் நிலக்கரியையும் இரும்பையும் மட்டும் பொது நிர்வாகத்தில் வைக்கக் கையெழுத்துப் போட்டார்கள், ஏனென்றால் பீரங்கி செய்ய அவைதான் வேண்டும். 1979-ல் ஐரோப்பிய பார்லிமென்டுக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். பிடிக்காத இங்கிலாந்து 2020-ல் வெளியேறியது, ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. சின்னதாக ஆரம்பித்து, கதவைத் திறந்து வைத்துச் செய்தால் நடக்கிறது.

கடைசியாக, கணக்கு பார்ப்பவர்களுக்காக ஒன்று. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். அதே வருஷம் ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட் சுமார் 359 கோடி டாலர். அமைதிப்படைச் செலவைச் சேர்த்தாலும் 1,000 கோடியைத் தொடாது. ஒவ்வொரு நாடும் தனக்குத் தனக்கென்று மதில் கட்டுகிறது, பக்கத்து நாடு அதைப் பார்த்து இன்னும் உயரமாகக் கட்டுகிறது. உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதே, அதுவும் இந்தச் செலவில் சேர்த்திதான். வடசென்னையில் வடை சுடும் அக்காவும் அதைக் கொடுத்தார். அந்தப் போரைப் பற்றி அவருக்கு எங்கேயும் ஓட்டு இல்லை.

18-ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்துக்காரர்கள் வால்டாக்ஸ் கட்ட மறுத்தார்கள். இன்றைய வால்டாக்ஸை எல்லோரும் கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு விவரம் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.