கீறல் எங்கே போனது?

எலுவன்குளத்தில் கார் வைத்திருந்தால் கடல்காற்றோடும் புழுதியோடும் மல்லுக்கட்ட வேணும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களுக்குத்தான் மவுசு. 2025 பெப்ரவரியில் திறந்தும் விலை எங்கட கைக்கு எட்டல.

மாமா விற்கப்போற காரை நாங்கள்தான் மினுக்குகிறோம். கழுவிக் காயவிட்டு, முதலில் கிளேஸ். அதன் எண்ணெய் மெல்லிய கீறல்களை நிரப்புவதால் வெளிச்சம் சிதறாமல் திரும்புது. கறுப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி. ஆனா தாக்குப்பிடிக்காது, சில கழுவலில் போயிடும். அதுக்குத்தான் மேலே மெல்லிசா வெக்ஸ், பிரேசிலின் கார்னௌபா பனையோலை மெழுகு கலந்தது. அழுக்கும் நீக்குகிற ரக வெக்ஸ் வேண்டாம், கிளேஸையும் சேர்த்துத் துடைச்சிடும்.

கீறல் போகல, ஒளிஞ்சிருக்கு. வாங்க வாறவரிட்ட சொல்லணும் என்கிறோம். "வெயில்ல பார்த்தா தெரியும்தானே" என்கிறார் மாமா. கிளேஸ் பூசினா வெயிலிலயும் லேசில தெரியாதே!