ஈய முனை

தமிழில் 'குண்டு' என்று சொன்னால் போதும். துப்பாக்கியிலிருந்து போவது, பீரங்கியிலிருந்து போவது, விமானத்திலிருந்து விழுவது, பருத்த உடம்பு, பழைய பல்பு, மல்லியில் ஒரு ஜாதி எல்லாம் அதற்குள் அடக்கம். நம் கதைகளில் வேட்டை வந்தால் 'குண்டு பாய்ந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறார்கள். எந்தக் குண்டு என்பது யாருக்கும் இலக்கியக் கேள்வியாகப் படவில்லை. எனக்குப் படுகிறது.

லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கென்னத் ஆண்டர்சன்தான் காரணம். பெங்களூர்க்காரர் (1910–1974), தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளிலும் அலைந்தவர். அவர் நம்பிய துப்பாக்கி .405 வின்செஸ்டர். இந்த ரகத் தோட்டா 1904இல் வந்தது. அதன் குண்டு 300 கிரெய்ன். கிரெய்ன் என்பது தானிய மணியின் எடை, தட்டான் குன்றிமணி வைத்து நிறுத்ததைப் போல. 19.4 கிராம் என்றால், தி. நகரில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவனுக்குச் சட்டென்று புரிகிறது: ஏறக்குறைய இரண்டரைச் சவரன். அது நொடிக்கு 2,200 அடி வேகத்தில் போகிறது.

கரடிக்கு இவ்வளவு ஏன்? கரடி பொதுவாக மனிதனைத் தேடி வருவதில்லை. புற்றுக்குள் மூக்கை விட்டுக் கறையானை உறிஞ்சுகிற சத்தத்தில் அதற்கு ஆள் வருவது கேட்பதில்லை. சில கஜ தூரத்தில் திடுக்கிட்டு, நேரே முகத்தின் மேல் பாய்கிறது. சங்கப் பாட்டில், இரவில் தலைவன் வரும் மலைவழிக்காகத் தோழி பயப்படும் இடங்களிலும், எண்கு புற்றைத்தான் கிண்டிக்கொண்டிருக்கிறது. அது தன் வேலையில் இருக்கிறது. வழியில் வருகிறவன் மனிதன்.

அந்தச் சில கஜங்களுக்காக வேட்டைக்காரர்கள் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். முழுக்கச் செம்புக் கவசம் போட்ட குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடும். கரடி வந்துகொண்டே இருக்கும். முனையில் ஈயம் திறந்திருந்தால் உள்ளே போய்க் காளான் மாதிரி விரியும், பிராணி நிற்கும். ஈயம் ரொம்ப மிருதுவாக, எடையும் குறைவாக இருந்தால் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். ஆகவே கனம் வேண்டும். இதுவரை சரி. ஆனால் கனத்த, மெதுவாகப் போகிற, மொண்ணை முனைக் குண்டு புதரை முறித்துக்கொண்டு நேராகப் போகும் என்றும் நம்பினார்கள். குச்சிகளை நட்டுவைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் எந்தக் குண்டும் விலகக்கூடும் என்றே கண்டார்கள். குச்சிக்கும் குறிக்கும் இடைவெளி கூடினால் விலகலும் கூடும். உண்ணிச்செடிப் புதருக்குள் எந்தக் கம்பெனிக் குண்டும் வழி தெரிந்து போவதில்லை.

விரியும் குண்டு கருணை என்பது அவர்கள் வாதம். காயத்தோடு புதருக்குள் போன மிருகம் நாள்கணக்கில் சாகும். ஆகவே இந்த வாதத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இந்த ஈய முனைக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. 1895இல் சித்ரால் போரில், கவசக் குண்டு பட்டும் எல்லைப்புறத்து மனிதர்கள் ஓடிவந்துகொண்டே இருக்கிறார்கள் என்று வெள்ளைக்கார ராணுவத்தில் புகார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் முனையைத் திறந்துவிட்டார்கள். ஊர்ப்பெயரே குண்டுக்குப் பெயராயிற்று. 1899இல் ஹேக் மாநாட்டில் இதைத் தடை செய்யும் பேச்சு வந்தபோது பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டா எதிர்த்தார். நாகரிகமான சிப்பாய் அடிபட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி ஒதுங்கமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். தடையை பிரிட்டன் 1907இல்தான் ஏற்றது.

கரடிக்குச் சொன்ன அதே நியாயம், வார்த்தைக்கு வார்த்தை. குண்டைத் தேர்ந்தெடுக்கிறவன் எதிரில் இருப்பது என்ன ஜாதி என்று முதலில் முடிவு செய்துவிடுகிறான். கிரெய்ன் கணக்கு பிறகு வருகிறது. நம் எழுத்தாளர்கள் 'குண்டு பாய்ந்தது' என்று எழுதித் தப்பித்துக்கொள்வது இந்த முடிவைப் பார்ப்பதிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டர்சன் தப்பிக்கவில்லை. எதை வைத்துச் சுட்டார் என்பதை வாசகன் முன் போட்டுவிடுகிறார். அவருடைய தீர்மானங்களோடு நாம் சண்டை போட அதனால்தான் முடிகிறது.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்தச் சாஸ்திரத்துக்கு இங்கே வேலையில்லை. கரடி பாதுகாக்கப்பட்ட பிராணி. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அது வந்து போவது செய்தித்தாளில் வழக்கமான செய்தி. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு .405 என்றைக்குமே இருந்ததில்லை. தனியாகப் போகாமல், சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள், கரடி புற்றிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்கட்டும் என்று.